உறக்கத்தைப் பகலில் தேடிய அன்னப்பழம் அம்மாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஜெபமணி அடித்து ஓய்ந்த நேரத்தில், எங்கள் மிஷன் பெண்கள் பள்ளியின் போர்டிங் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் மேட்ரன் அன்னப்பழம் அம்மாளின் தங்கை மகன். சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் கையில் பிடித்தபடியே நின்று, "டீச்சர், பெரியம்ம விடியக்காலம் மரிச்சுப்போனாவ" என்றார். காய்ச்சல் என்று பத்து நாளைக்கு முன் தங்கை வீட்டுக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுவேன், அதுவரை அரிசியை அளந்து போடுங்கள் என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனவர்.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "ஒறக்கத்திலயா?" என்பதுதான். வேறு எதைக் கேட்டிருக்கலாம் என்று இப்போதும் தெரியவில்லை.

"இல்ல டீச்சர். முத்தம் தூத்துட்டு நின்னாவ. பைய உக்காந்தாவ. அவ்வளவுதான்."

காய்ச்சலில் கிடக்கிறவர் முற்றம் பெருக்க வாரியலைக் கையில் எடுக்கலாமா என்று யாரும் அவரிடம் கேட்டிருக்க முடியாது. கேட்டாலும் வாரியலைக் கொடுத்திருக்க மாட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குள்ளமான உருவம். சின்ன வயதில் பாம்படம் போட வளர்த்த காதைப் பிறகு அறுத்துத் தைத்த தழும்பு இரண்டு பக்கமும் இருக்கும். இடுப்பில், அரிசி சாமான் வைக்கிற கலவறையின் சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும்; குறும்பு செய்கிற பிள்ளைகளுக்கு அது மிகவும் உபகாரமாக இருந்தது. வேதபுத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். கணக்கு அறவே வராது. கோவிலில் பிரசங்கம் நீண்டால் உட்கார்ந்திருக்க முடியாமல் பின்வரிசையில் எழுந்து நின்றுகொள்வார். புதிதாக வந்த போதகர் ஒருவர் அதை ஆராதனைக்கு மரியாதை என்று நினைத்துப் பிரசங்கத்தை இன்னும் நீட்டினார். உண்மையைச் சொல்ல எங்களுக்கு ஒரு வருஷம் துணிவு வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அவர் இங்கே மேட்ரனாக வந்தார். நாகர்கோவிலிலிருந்து எங்கள் பக்கம் மோட்டார் பஸ் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் அவர் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். பஸ் இருக்கிறதே அக்கா என்று கேட்டதற்கு, "அதுல இருந்துல்லா வரணும்" என்றார். எங்கள் பக்கத்தில் இருப்பது என்றால் உட்காருவது. அப்போது நான் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் போர்டிங்குக்கு அந்நாளில் பேர் வாங்கிக் கொடுத்தது ரேந்தை. லேஸ் என்றால் எல்லாருக்கும் விளங்கும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, முன்னால் கெட்டியான உருண்டைத் தலையணையை வைத்து, அதில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. எங்கள் பிள்ளைகளின் ரேந்தை சீமைக்குப் போயிற்று. வகுப்பை நடத்தியவள் நான். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இங்கே மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மிக நேர்த்தியாகப் பின்னுகிற ஒன்பது பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்கு ஒரு தனிச் சட்டம் வைத்திருந்தேன். தண்ணீர் இறைக்கக் கூடாது, நெல் குத்தக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி துவைக்க ஆற்றுக்குப் போகக் கூடாது. கை காய்த்தால் நூல் இழை பிடிக்கும், கரி பட்டால் வெள்ளை நூல் கெட்டுப்போகும். மற்றப் பிள்ளைகள் அவர்களுக்கு 'வெள்ளக்கை' என்று பேர் வைத்தார்கள். வீட்டில் நண்டும் சிப்பியும் பொறுக்கித் திரிந்த பிள்ளைகளை ராஜகுமாரிகளாக வைத்திருக்கிறோம் என்று நானும் துரைசானி அம்மாளும் மனம் நிறைந்திருந்தோம். துரைசானி அம்மாள் என்றால் போர்டிங்கை நடத்திவந்த வெள்ளைக்கார அம்மாள்.

அந்த ஒன்பது பேரில் முதல் கை செல்லத்தங்கத்துடையது. அவள் தகப்பனார் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கம்பெனிக்குக் கருமணல் சுமந்தவர். ரேந்தை பின்னுகிற கைக்காகத்தான் அவளுக்கு இங்கே இடம் கிடைத்தது. படிப்பிலும் கெட்டிக்காரி. ஏழாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சை தேறிவிட்டால் டீச்சர் பயிற்சிக்குப் போகலாம். தேறாமல் வீட்டுக்குப் போனால் மாமன் மகன் தாலியோடு காத்திருந்தான். அவனுக்கு அவளைவிடப் பதினெட்டு வயது மூப்பு.

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது பிள்ளை வாடத் தொடங்கினாள். வகுப்பில் உறங்கி விழுந்தாள், ரேந்தைத் தலையணை மேலேயே நெற்றி முட்டி விழுந்தாள். ஒரு தடவை நெற்றியில் குண்டூசி குத்தி ரத்தம் வந்தது. என்னடி என்று கேட்டால், "ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்குது டீச்சர்" என்பாள். பாலை மரத்தில் இருக்கும் யட்சிப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் பிள்ளைகள். கம்பவுண்டர் கசப்பு மருந்து ஒன்று கலக்கிக் கொடுத்தார். தலைக்கு எண்ணெய் வைத்தோம், சங்கீதம் வாசித்தோம். நான் என் பங்குக்கு, பாவம் களைத்திருக்கிறாள் என்று மத்தியானம் படுக்க விட்டேன். சாயங்காலம் எல்லாரும் கோவில் தோட்டத்துக்கு நடந்துபோகிறபோது அவளை மட்டும் அறையில் உட்காரச் சொன்னேன். அன்பு என்று நினைத்து நான் செய்த ஒவ்வொன்றும் அவள் உறக்கத்தை இன்னும் தூரமாகத் துரத்தியது.

அன்னப்பழம் அம்மாள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலை ரேந்தை அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரே, ஒரு காரியம் சொன்னா கோவிப்பியளா?"

"சொல்லுங்க மேட்ரனக்கா."

"காலம்பற பாய் சுருட்டும்போ நான் பாக்கேன். நல்லா ஒறங்கின பிள்ளைக்க பாய் விரிச்சது போல கெடக்கும். பொரண்ட பிள்ளைக்க பாய் சுருண்டு மூலையில கெடக்கும். அப்பிடி ஒம்பது பாய். ஒம்பதும் ஒங்க வெள்ளக்கைப் பிள்ளையளுக்க பாயாக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "அவங்களுக்கு ஒரு வேலையும் கிடையாதே. பிறகு எதுக்கு உறக்கம் கெடணும்?" என்றேன்.

"அதுதான் டீச்சரே நானும் சொல்லுகேன். ஒரு வேலையும் கிடையாது. காலம்பற ஜெபத்துக்கு இருக்கு. கஞ்சிக்கு இருக்கு. பள்ளிக்கூடத்துல இருக்கு. பொறவு ரேந்தைக்கு இருக்கு. ராத்திரி படிக்க இருக்கு. இருந்து இருந்து, பாயில கொண்டு போட்டா ஒடம்பு எப்பிடிக் கிடக்கும்? கெணத்துல வெள்ளம் கோருத பிள்ளையள பாருங்க. தல சாஞ்சா தீந்து. காலம்பற காதப் பிடிச்சுத் தூக்கணும்."

நான் பட்ட கோபத்தை எழுதினால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். "உங்களுக்கு ரேந்தையைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் எனக்குப் பாடம் சொல்வதா என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி.

"ரேந்தையப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒறக்கத்தப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாவிச் சத்தத்தோடு போய்விட்டார்.

அது எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கு உரிக்கும்போது சொன்னார். அவருடைய இருபத்தாறாம் வயதில் கணவர் இறந்துவிட்டார். துக்கக்காரி என்று வீட்டு மூலையில் உட்கார வைத்து, ஒரு துரும்பை நகர்த்த விடாமல் ஆறு மாதம் எல்லாரும் தாங்கினார்கள். "நல்ல மனசோடதான் செய்தாவ. ஆனா ஆறு மாசம் கண்ணு மூடல டீச்சரே. பைத்தியம் பிடிச்சிரும்னு பயந்தேன். ஒருநா அண்ணனுக்க வயல்ல நடவுக்கு ஆளு வரல்ல. யாருட்டயும் கேக்காம எறங்கிட்டேன். அண்ணைக்கு ராத்திரி சோறு உண்டேனா இல்லியா, இண்ணைக்கும் எனக்கு ஓர்ம இல்ல. அப்பிடி ஒறங்கினேன்." அதன்பிறகு அவர் யாரையும் அதிக நேரம் உட்கார விட்டதில்லை, துக்க வீட்டில்கூட.

நான் காது கொடுக்காததால் காரியம் முற்றியது. சீமையில் ஒரு கல்யாணத்துக்கென்று பட்டு நூலில் ஒரு முக்காடு பின்னிக்கொண்டிருந்தோம். அதன் நடுப்பூக்கள் செல்லத்தங்கத்தின் பொறுப்பு. அவள் உறக்கக் கலக்கத்தில் குச்சிகளை மாற்றிப் போட்டு, அது தெரியாமலேயே ஒரு சாண் பின்னிவிட்டாள். மூன்று வாரத்து வேலையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. துரைசானி அம்மாள் அந்த ரேந்தையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பெண் சோம்பேறி. மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

நான் சரி என்று தலையை ஆட்டினேன். அதை அந்த அறைக்கு வெளியே இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்னப்பழம் அம்மாளுக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அப்போது மண்ணெண்ணெய்ப் புட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

புட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். துரைசானி அம்மாள் முன்னால், அவர் கேட்காமல் யாரும் பேசுவது வழக்கமில்லை. "அம்மா, இந்தப் பிள்ள சோம்பேறி இல்ல. இவளுக்கு ஒறக்கம் இல்ல. எனக்கு முப்பது நாளு தாங்க. அதுக்குள்ள இவ ஒறங்கல்லேன்னா இவள அனுப்புங்க. இவ கூட நானும் போறேன். சாவிய இப்பமே மேசையில வச்சிருதேன்" என்றார். சாவிக்கொத்தை அவிழ்த்து வைத்தும்விட்டார். துரைசானி அம்மாள் அதைத் திருப்பி அவரிடமே நீட்டி, முப்பது நாள் என்றார்.

பதினொரு வருஷம் அண்ணன் வீட்டில் இருந்து, அண்ணிக்குப் பாரமாகிவிட்டேன் என்று இந்த வேலைக்கு வந்தவர் அவர். அங்கே திரும்பிப் போக அவருக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி நானும் உறங்கவில்லை.

மறுநாள் விடியும்போது கிணற்றடியில் ராட்டினச் சத்தம். செல்லத்தங்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இறைத்து முடித்ததும் கையைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டார் அன்னப்பழம் அம்மாள். அவருக்கும் பட்டு நூலின் மேல் பயம் இருந்தது. சாயங்காலம் துணி மூட்டையோடு ஆற்றுக்கு நடை. மத்தியானப் படுக்கை கிடையாது. "கண்ணு சொக்குது மேட்ரனம்மா" என்று பிள்ளை கெஞ்சினால், "சொக்கட்டும் மக்கா, ராத்திரிக்கு எடுத்து வையி. ஏட்டி, எந்திரி, அந்தக் கோழியப் பத்திட்டு வா" என்பார்.

ரேந்தை அறையில் இருந்த குடிதண்ணீர்ப் பானை மூன்றாம் நாள் காணாமல் போனது. யாரோ திருடிவிட்டார்கள் என்று நான் ஊரைக் கூட்டினேன். பானை சமையல்கட்டுக்குப் பின்னால், மாமரத்தடியில் இருந்தது. கொண்டுபோய் வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஒரு பூ முடிஞ்சா ஒரு நடை. தாகம் இருந்தாலும் இல்லன்னாலும் போய் ஒரு மொடக்கு குடிச்சிட்டு வரணும்" என்று ஒன்பது பேருக்கும் சட்டம் போட்டிருந்தார். என் சட்டத்துக்கு மேல் அவர் சட்டம். பிள்ளைகள் எழுந்து எழுந்து போனால் வேலை பாதியாகிவிடும் என்று சண்டைக்குப் போனேன். "அளந்து பாருங்க" என்றார். அவருக்குத் தெரியாமல் ஒரு வாரம் விரலால் அளந்து பார்த்தேன். நீளம் குறையவில்லை. அவிழ்த்துப் பின்ன வேண்டிய பிழைகள் குறைந்திருந்தன. அளந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் செல்லத்தங்கம் அழுதாள். உடம்பு வலிக்கிறது என்றாள், இன்னும் உறக்கம் வரவில்லை என்றாள். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை அன்னப்பழம் அம்மாள் என் அறைக் கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மணி அடித்து எல்லாரும் எழுந்துபோன பெரிய அறையில், ஒரு பாய் விரித்தது விரித்தபடி கிடந்தது. அதன் மேல் செல்லத்தங்கம் வாயைத் திறந்துகொண்டு உறங்கினாள்.

"எழுப்பலாமா?" என்றேன்.

"எழுப்பத்தான் வேணும். ஆனா ஒரு நிமிசம் நின்னு பாத்துக்கிடுங்க" என்றார். இருவரும் நின்று பார்த்தோம். அவர் கண் கலங்கியிருந்தது, என்னுடையதும்தான்.

ஆனால் எல்லாம் நன்மையாகவே முடிந்துவிடவில்லை. எத்தனை எண்ணெய் தேய்த்தும் கை காய்த்தது. முப்பதாம் நாள் துரைசானி அம்மாள் அவள் உள்ளங்கையைப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். பட்டு நூல் ஒன்றை அதன் மேல் இழுத்தார். நூல் இழை பிடித்தது. "இந்தக் கை இனிப் பட்டு பின்னாது" என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "ராத்திரி உறங்குகிறாயா?" என்று கேட்டார்.

"பாயில படுக்கது தெரியும் அம்மா. பொறவு மணிச்சத்தந்தான்."

அன்னப்பழம் அம்மாளின் கை இடுப்புச் சாவிக்குப் போவதை நான் பார்த்தேன். முன்பு தலையாட்டிய அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "அம்மா, அவள் பருத்தி நூல் பின்னட்டும். பட்டுக்கு வேறு பிள்ளைகளை நான் பழக்குகிறேன். சோம்பேறி என்று நீங்கள் சொன்னபோது நான் ஒத்துக்கொண்டது தப்பு. சட்டமே என்னுடையதுதான், அதுதான் பிள்ளையைக் கெடுத்தது" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாழ்வில் நான் துணிந்து பேசிய வார்த்தைகள் அவைதான். அதற்கும் துணிவு தந்தது பக்கத்தில் கேட்ட சாவிச் சத்தம்.

துரைசானி அம்மாள் பட்டு நூலைச் சுருட்டி மேசையில் வைத்தார். பிறகு, இருக்கட்டும் என்றார். அந்த வாரத்திலிருந்து அவர் தினமும் சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி நாலு நடை நடப்பதை எல்லாரும் பார்த்தோம். பகலெல்லாம் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அவருக்கும் எத்தனை நாளாக உறக்கம் இல்லையோ, நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளைக்கைச் சட்டம் அத்தோடு போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். பட்டு ரேந்தை கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். செல்லத்தங்கம் பரீட்சை தேறினாள், பயிற்சிக்குப் போனாள், ஐந்து வருஷமாக இதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். மாமன் மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

இதையெல்லாம் வைத்து அன்னப்பழம் அம்மாள் தம்மை ஒரு வைத்தியராக நினைத்துக்கொண்டதே இல்லை. பின்னால் வந்த ஒரு பிள்ளைக்கு எத்தனை நடக்க வைத்தும் உறக்கம் வரவில்லை. ஒரே வாரத்தில், "இது ஒடம்புக்குள்ள உள்ள தீனம் டீச்சரே, நம்மால ஆவாது" என்று தாமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நெஞ்சில் நோய் இருந்தது. நல்லவேளை, சீக்கிரம் கண்டுபிடித்தார்கள்.

எனக்கும் அவர் கையால் வைத்தியம் நடந்தது. நோட்டு திருத்தித் திருத்தி நான் உறக்கம் கெட்டுத் திரிந்த ஒரு ஆடி மாதத்தில் என் நாற்காலி காணாமல் போனது. கால் ஆடுகிறது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். நாலு நாள் ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து நின்றும் நடந்தும் திருத்தினேன். ஐந்தாம் நாள் நாற்காலி வந்தது. கால் முன்போலவே ஆடிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன், அவர் சிரிக்காமல் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வண்டியில் அவரைக் கொண்டுவந்து பெரிய அறையில் கிடத்தினோம். அடக்கம் நாலு மணிக்கு. நான் பெட்டியருகே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் செல்லத்தங்கம் டீச்சர் வந்தார், அழுது வீங்கிய முகத்தோடு. வந்ததும் பிள்ளைகளை எழுப்பினார். ஐந்து பேர் தண்ணீர் இறைக்க, பத்துப் பேர் கோவிலைக் கழுவ, பெரிய பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்துப் பாதையைச் செதுக்க என்று விரட்டினார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. "இண்ணைக்குமா செல்லத்தங்கம்? இன்னும் கொஞ்சம் பக்கத்துல இருந்து அழட்டுமே" என்றேன்.

"மேட்ரனம்மா இருந்தா இருக்க விடுவாவளா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, தாமும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் அரை மைல் நடந்து திரும்பினோம். ராத்திரி கஞ்சி ஆயிற்று, ஜெபம் ஆயிற்று, விளக்கை இறக்கினார்கள். தாயை இழந்தது போல அழுத பிள்ளைகள், இன்றைக்கு எப்படிக் கண் மூடுவார்கள், கூட இருந்து தேற்றலாம் என்று நினைத்து அரிக்கன் விளக்கோடு பெரிய அறைக்குப் போனேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒருத்தி விழித்திருக்கவில்லை. ஒரு பாய் சுருளவில்லை. வாசலில் நின்ற எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இவ்வளவுதானா இவர்கள் அன்பு என்று. பிறகுதான் விளங்கியது, அவர் கேட்டிருக்கக்கூடிய அஞ்சலி இது ஒன்றுதான் என்று.

அந்தக் கட்டடத்தில் அன்றிரவு உறங்காமல் கிடந்தவள் நான் ஒருத்திதான். பெட்டியருகே பகல் முழுக்க உட்கார்ந்தே இருந்தவளும் நான்தானே.

போய் வாருங்கள், மேட்ரனக்கா. பிள்ளைகள் உறங்குகிறார்கள். இனி நீங்களும் உறங்கலாம்.